ஃபில்டர் மாற்றியும் ஏன் இப்படி? – ஒயில் ஃபில்டர் பற்றி வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் அதிகமானவை ஒயில் ஃபில்டரைப் பற்றியவை. டர்போ கார், வேன், மோட்டார் சைக்கிள், நெல் வெட்டும் மெஷின், படகு என்று வாகனம் மாறுகிறது. கேள்வியின் அடி மாறவில்லை. "ஃபில்டரை மாற்றினேன், பிறகும் ஏன் இப்படி?" ஆகவே இந்தப் பக்கங்களை முழுக்க அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1.5 லீற்றர் டர்போ பெற்றோல் கார் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை கொழும்புக்கு ஓடுகிறேன். ஹபரணைப் பக்கம் ரோட்டு திறந்துவிட்டால் நன்றாகவே மிதிப்பேன். ரேஸ் வாகனத்துக்குப் போடும் ஃபில்டரைப் போடு என்கிறார் ஒரு நண்பர். எவ்வளவு நுண்ணிய ஃபில்டரோ அவ்வளவு நல்லது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், கல்லடி)

பதில்: இரண்டு பேர் சொன்னதும் உங்கள் பாவனைக்குப் பொருந்தாது. ஒயில் போகும் வழியைக் கொஞ்சம் மனதில் ஓட்டிப் பாருங்கள். எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்பில் கிடக்கும் ஒயிலை ஒரு கம்பிவலை வழியாகப் பம்ப் உறிஞ்சுகிறது. பம்ப் தள்ளும் ஒயில், ஃபில்டரின் ஓரத்திலுள்ள சிறு துவாரங்களால் உள்ளே போய், மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளைக் கடந்து, நடுத்துவாரத்தால் வெளியே வருகிறது. அதற்குப் பிறகுதான் கிராங்க் மெட்டல் (கிராங்க் தண்டைத் தாங்கும் மெல்லிய உலோக ஓடுகள்), வால்வுகளைத் திறக்கும் கேம், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ எல்லாவற்றுக்கும் பங்கு. குழாய் வாயில் துணி கட்டித் தண்ணீர் பிடிப்பதைப் போலத்தான் இது. துணி நெருக்கமென்றால் தண்ணீர் தெளியும், குடம் நிரம்பச் சுணங்கும். குடம் காத்திருக்கும், டர்போ காத்திருக்காது. அதன் தண்டு நிமிடத்துக்கு 1 இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஒயில் படலம் ஒன்றுதான்.

இதனால்தான் ஃபில்டருக்குள்ளே பைபாஸ் வால்வு வைக்கிறார்கள். சில எஞ்சின்களில் அது ஃபில்டர் பூட்டும் இடத்திலேயே இருக்கும். தாளின் இரு பக்கத்துக்கும் இடையிலுள்ள அமுக்க வித்தியாசம் ஓர் அளவைத் தாண்டியதும் வால்வு திறந்து, ஒயிலை வடிக்காமலே உள்ளே விட்டுவிடும். அழுக்கு ஒயில் எஞ்சினை மெல்ல மெல்லத் தேய்க்கும். ஒயில் வராமல் போனால் நிமிடக் கணக்கில் எஞ்சின் முடிந்துவிடும். ஆகவே முதலில் ஓட்டம், அடுத்தது சுத்தம். இந்த ஒழுங்கை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

வால்வு திறக்கும் அமுக்கம் எல்லா வாகனத்துக்கும் ஒன்றல்ல. பொதுவாக 8 முதல் 23 பிஎஸ்ஐ வரை இருக்கும். சுபாருவின் இஜே டர்போ எஞ்சினுக்கு 23 பிஎஸ்ஐ அளவில் திறக்கும் ஃபில்டர் வேண்டும்; சாதாரண கார்கள் பலவற்றுக்கு அதில் பாதியே போதும். மரையும் றப்பரும் பொருந்துகிறதே என்று பாதி அளவில் திறக்கும் ஒன்றை அங்கே பூட்டினால், பம்ப் வேகமாகத் தள்ளும் நேரமெல்லாம் ஒயிலில் ஒரு பங்கு வடிபடாமலே ஓடும். வெளியில் எந்த அடையாளமும் தெரியாது. கடையில் "இதுவும் போகும்" என்று எடுத்துத் தரும் ஃபில்டரில் இதுதான் பயம்.

அடுத்தது நுண்மை. கிராங்குக்கும் மெட்டலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி பெரும்பாலும் 25 முதல் 50 மைக்ரோன் (1000 மைக்ரோன் ஒரு மில்லிமீற்றர்). தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70. பெட்டியில் "20 மைக்ரோன்" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. அந்தப் பருமனுள்ள துணிக்கைகளில் நூற்றுக்கு எத்தனையைப் பிடிக்கிறது என்பதுதான் கணக்கு. ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனை முறையில் இதை எண்ணிப் பார்த்து பீட்டா என்ற எண்ணால் சொல்வார்கள். ஒரு பருமனுக்குப் பீட்டா 2 என்றால் பாதியைப் பிடிக்கிறது. 20 என்றால் நூற்றுக்கு 95. 75 என்றால் 98.7. செயற்கை இழை கலந்த தாள் இந்த இடத்தில் மேல். இழை மெல்லியதாகவும் ஒரே சீராகவும் இருப்பதால் நுண்ணிய துணிக்கையையும் பிடிக்கும், ஒயிலையும் அதிகம் தடுக்காது. சாதாரணத் தாளை அதே நுண்மைக்கு நெருக்கினால் ஓட்டம் விழுந்துவிடும்.

ரேஸ் ஃபில்டர் வேறு வேலைக்குச் செய்தது. ரேஸ் எஞ்சினை ஒரு சில ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பார்கள். ஆகவே அதில் கண் பெரிய தாள், சிலதில் பைபாஸ் வால்வே கிடையாது. தலையில் ஒட்டியிருக்கும் நட்டும், கம்பி கட்டும் துவாரமும் உண்மையிலேயே பிரயோசனமானவை. ஆனால் 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றும் வாகனத்துக்கு, அந்த நட்டைப் பார்த்து ஃபில்டர் வாங்கக் கூடாது.

உங்கள் காருக்கு: கம்பனி சொன்ன பாக எண், அல்லது பெயருள்ள தயாரிப்பாளர் அந்த எண்ணுக்கு ஈடாகச் சொல்லும் செயற்கை இழை ஃபில்டர். ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் ஃபில்டரும் புதிது. ஸ்டார்ட் பண்ணிய முதல் சில நிமிடங்கள் 2500 சுற்றைத் தாண்ட வேண்டாம். தடித்த ஒயிலைப் பம்ப் பலமாகத் தள்ளும்போதுதான் பைபாஸ் திறக்கும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஒன்று, இரண்டு நிமிடம் ஆக்சிலரேற்றர் மிதிக்காமல் ஐட்லில் விட்டு நிறுத்துங்கள். சூடான டர்போவுக்குள் நின்றுபோன ஒயில் கருகிக் கரியாகிறது. அந்தக் கரி டர்போவுக்குப் போகும் மெல்லிய குழாயை அடைத்தால் ஃபில்டரால் ஒன்றும் செய்ய முடியாது. அது ஃபில்டருக்குப் பின்னால் உண்டாகும் அழுக்கு.

கேள்வி: புதிய ஃபில்டர் பூட்டி மூன்றாம் நாள் பலூன் மாதிரி வீங்கி, றப்பர் வெளியே தள்ளி, ஒயில் முழுவதும் ரோட்டில் போய்விட்டது. கடைக்காரரிடம் சண்டை பிடித்து வேறொன்று வாங்கினேன். அதுவும் அடிப்பக்கம் கொஞ்சம் புடைத்தது போலத் தெரிகிறது. (வாசகர், ஏறாவூர்)

பதில்: இரண்டாவதும் புடைத்துவிட்டது என்றால் கடைக்காரர் மேல் பிழை இல்லை. ஃபில்டரின் தகரம் தானாக வீங்காது. பொதுவாக 200 பிஎஸ்ஐயைத் தாண்டும் வரை தாங்கும். எஞ்சினின் அமுக்கம் அவ்வளவுக்குப் போகாமல் காப்பது ஒயில் பம்பிலுள்ள றிலீஃப் வால்வு. சாதாரணமாக 70 முதல் 100 பிஎஸ்ஐக்குள் அது திறந்து மிச்ச ஒயிலைத் திருப்பி விட வேண்டும். உங்கள் வாகனத்தில் அது மூடியபடியே இறுகிவிட்டது. இன்னொரு ஃபில்டர் மாற்றாதீர்கள், வாகனத்தை ஓட்டவும் வேண்டாம்.

சரிபார்க்கும் முறை: ஒயில் லைட் சுவிட்சைக் கழற்றி, அந்த மரையில் கையால் பூட்டும் ஒயில் கேஜ் ஒன்றைப் பூட்டுங்கள். ஜப்பான் வாகனங்களில் பெரும்பாலும் 8இல் 1 அங்குல மரை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி மெல்ல 2500 சுற்றுக்குக் கூட்டுங்கள். முள் ஓர் இடத்தில் வந்து நிற்க வேண்டும். நிற்காமல் 120, 130 என்று ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள். பிறகு றிலீஃப் வால்வின் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கையும், அது தள்ளும் சின்ன உருளையான பிளஞ்சரையும் வெளியே எடுங்கள். பிளஞ்சரில் கோடு விழுந்திருக்கும், அல்லது பசை போன்ற கறுப்பு ஒட்டியிருக்கும். கழுவித் துடைத்து, ஒயில் பூசி, துவாரத்துக்குள் விட்டுப் பாருங்கள்: தன் பாரத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். விரலால் தள்ளித்தான் இறங்குகிறதென்றால் பம்பை மாற்ற வேண்டியதுதான்.

வால்வை இறுக வைத்தது என்ன என்றும் தேடுங்கள். பல இடங்களில் அது சம்ப் பூட்டும்போது தாராளமாகப் பூசிய சிலிக்கோன். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து, புழு மாதிரிக் கழன்று ஒயிலோடு போகும். 3 மில்லிமீற்றர் கனத்தில் ஒரு கோடு இழுத்தால் போதும். டியூபில் பாதியைப் பிழிவது கெட்டித்தனம் அல்ல.

கேள்வி: ஃபில்டர் பூட்டும்போது முதல் இரண்டு சுற்று வழுவழுவென்று போய், பிறகு பிடித்தது. இறுக்கிவிட்டேன். லீக் இல்லை. ஆனால் பிடித்து ஆட்டினால் ஒரு சின்ன ஆட்டம் இருக்கிறது. இப்படியே ஓடலாமா? (வாசகர், கல்முனை)

பதில்: ஓட வேண்டாம். உங்கள் வாகனத்தில் இருப்பது முக்கால் அங்குல மரையும், வாங்கிய ஃபில்டரில் இருப்பது 20 மில்லிமீற்றர் மரையுமாக இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீற்றர்; கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர் வித்தியாசம். மரையின் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றே: ஒன்றில் அங்குலத்துக்கு 16, அதாவது 1.59 மில்லிமீற்றர், மற்றதில் 1.5. அதனால்தான் 20 மில்லிமீற்றர் ஃபில்டர் முக்கால் அங்குலத் தண்டில் ஏறி, பிடித்தது போல ஒரு பாசாங்கு காட்டும். மரையின் நுனிகள் மட்டும் தொட்டபடி நிற்கும். சூடேறி, அமுக்கமும் ஏறும் ஒரு நேரத்தில் ஃபில்டர் அப்படியே கழன்று விழும். 4 லீற்றர் ஒயிலும் வெளியே போக ஒரு நிமிடம் தேவையில்லை.

டொயோட்டாவின் சிறிய பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றில் முக்கால் அங்குலம். ஹொண்டாவில் 20 மில்லிமீற்றர். ஒரே கடையில் ஒரே தட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வாங்கும்போது பழைய ஃபில்டரைக் கையோடு கொண்டுபோங்கள். அளவு பார்த்தால் மட்டும் போதாது, பாக எண்ணையும் ஒப்பிடுங்கள்.

பூட்டுவதையும் சொல்லிவிடுகிறோம். பழையது கழன்றதும் அதன் வாயைத் திருப்பிப் பாருங்கள்: றப்பர் வளையம் அதோடு வந்ததா? சில வேளை அது எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேல் புதிய றப்பரை வைத்து இறுக்கினால் ஐட்லில் லீக் வராது, ஆக்சிலரேற்றர் மிதித்ததும் இரண்டு வளையத்துக்கும் நடுவால் பீச்சியடிக்கும். எஞ்சின் முகத்தைத் துணியால் துடைத்து, புதிய றப்பரில் விரலால் ஒயில் பூசுங்கள். கையால் சுற்றி, றப்பர் முகத்தைத் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று. அதற்கு மேல் சங்கிலிச் சாவி போட்டு இறுக்கினால் றப்பர் நசுங்கும், அடுத்த முறை கழற்றுபவர் ஸ்க்ரூ டிரைவரால் குத்தித்தான் கழற்ற வேண்டிவரும். ஃபில்டர் வாய் மேல்நோக்கி நிற்கும் எஞ்சினென்றால் பூட்டும் முன் ஒயில் ஊற்றலாம். நடுத்துவாரத்தால் அல்ல, ஓரத்துச் சிறு துவாரங்களால் மெல்ல ஊற்றுங்கள். நடுவால் ஊற்றும் ஒயில் தாளைக் கடக்காமல் நேரே மெட்டலுக்குப் போகும்.

கேள்வி: கேடிஎச் வேன், 3.0 டீசல் டர்போ. கொழும்பு போய் வந்து வீட்டு வாசலில் நிறுத்தும்போது ஐட்லில் ஒயில் லைட் விட்டு விட்டு எரிகிறது. கொஞ்சம் மிதித்தால் அணைந்துவிடும். ஒயிலும் ஃபில்டரும் மாற்றினேன், இரண்டு வாரத்தில் அதே கதை. (வேன் சாரதி, செங்கலடி)

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தை வாசிக்கும் நாளிலேயே வேனை நிறுத்துங்கள். லைட் எரிவது அமுக்கம் ஏறக்குறைய 0.3 பாருக்குக் கீழே விழும்போது (1 பார் ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ). மிதித்தால் அணைகிறது என்பதற்காக அமுக்கம் போதும் என்று அர்த்தமில்லை. 3000 சுற்றில் 2.5 பாருக்குக் குறையாமல் வேண்டிய எஞ்சினுக்கு 0.5 பார் வந்தாலும் லைட் அணைந்துதான் இருக்கும்.

ஃபில்டருக்கு முன்னால் ஒரு கம்பிவலை இருக்கிறது என்று முதல் பதிலில் சொன்னோம். பிரச்சினை அங்கே. உங்கள் வேனிலுள்ள இந்த 1கேடி எஞ்சினில், டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களின் அடியிலுள்ள செப்பு வொஷர்கள் தேய்ந்து விட்டுக்கொடுத்தால், எரியும் வாயு மேலே கசிந்து வால்வு மூடிக்குள் புகுந்து ஒயிலைக் கருக்கும். கரி கட்டியாகி சம்ப்பில் இறங்கி வலையில் அப்பிக்கொள்ளும். பம்பால் உறிஞ்ச முடியாது. ஃபில்டர் புதிதாக இருந்தும் அதற்கு வடிக்க ஒயில் வருவதில்லை. நீண்ட ஓட்டத்தில் சூடான ஒயில் இளகி, சம்ப்பின் அடியிலுள்ள கரியையும் கிளப்பி வலைக்குக் கொண்டுவரும். அதனால்தான் உங்களுக்குப் பயணம் முடிந்த கையோடு லைட் எரிகிறது.

செய்ய வேண்டியது: ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஐட்லில் பாருங்கள். புஸ் புஸ் என்று புகை தள்ளினால் சந்தேகம் பலக்கும். மூடியின் உட்பக்கம் ரோட்டுத் தார் போல இருக்கிறதா? சம்ப்பைக் கழற்றி வலையை வெளியே எடுத்துக் கழுவுங்கள். கம்பிக் கண்ணுக்குள் கரி இறுகியிருந்தால் புதிதே போடுங்கள். அதோடு நான்கு இன்ஜெக்டரின் வொஷரையும் மாற்றியே ஆக வேண்டும். பழைய செப்பு வொஷரைத் தீயில் காய்ச்சித் திரும்பப் போடும் வேலை வேண்டாம். இன்ஜெக்டர் உட்காரும் இருக்கையில் கரி இருந்தால் அதைச் சுரண்டி எடுக்காமல் புது வொஷர் போட்டும் பயனில்லை. பிறகு புது ஒயில், புது ஃபில்டர். 1000 கிலோமீற்றரில் இரண்டையும் மறுபடி மாற்றுங்கள். மிச்சக் கரி அதோடு வந்துவிடும். வலையை மட்டும் கழுவி வொஷரை விட்டால், இதே கடிதத்தை இன்னும் ஆறு மாதத்தில் எழுதுவீர்கள்.

கேள்வி: காலையில் முதல் ஸ்டார்ட்டில் மூன்று செக்கன் கடகடவென்று சத்தம். பிறகு பகல் முழுக்க இல்லை. (வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: ஃபில்டருக்குள் ஒயில் திரும்பி வடியாமல் தடுக்கும் றப்பர் வால்வு ஒன்று உண்டு. ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ பூட்டியிருக்கும் எஞ்சினில் அது இறுகிப் போனால் இரவு முழுக்க ஒயில் சம்ப்புக்கு இறங்கிவிடும். காலையில் வெறும் பாதையை நிரப்பும் வரை, கேமைச் சுழற்றும் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் அடிக்கும். சாதாரணக் கறுப்பு றப்பர் சூட்டில் விறைக்கும், சிலிக்கோன் றப்பர் நின்றுபிடிக்கும். புது ஃபில்டரின் ஓரத் துவாரத்தால் தீக்குச்சியை விட்டுத் தொட்டுப் பாருங்கள்: வால்வு மெத்தென்று அமுங்கி உடனே திரும்ப வேண்டும். ஃபில்டர் மாற்றியும் சத்தம் போகவில்லை என்றால் செயினையும் டென்ஷனரையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: 150 சிசி யமஹா. ஃபில்டரை வீட்டில் நானே மாற்றினேன். எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை. (மாணவர், அக்கரைப்பற்று)

பதில்: ஸ்டார்ட் பண்ணாமல் எழுதியது நல்ல வேலை. தகரம் இல்லாத இந்தச் சின்ன ஃபில்டர்களில் சிலவற்றுக்கு ஒரு பக்கம் திறப்பு, மறுபக்கம் அடைப்பு. மாற்றி வைத்தால் ஒயில் பாதையே அடைபடும். சிலிண்டர் தலையில் கேம் முதலில் எரியும். மூடியைக் கழற்றுங்கள். வெளிப்பக்கம் என்று எழுத்தில் அச்சிட்டிருந்தால் அது மூடியைப் பார்த்து இருக்க வேண்டும். எழுத்தில்லையென்றால் எஞ்சின் பக்கத்துத் துளையில் திறந்த வாய் உட்கார வேண்டும். மூடியின் ஓ-ரிங்கும், துளையைச் சுற்றிச் சின்ன ஓ-ரிங் இருந்தால் அதுவும் புதிது போடுங்கள்.

பூட்டிய பிறகு சோதனை: யமஹாவின் பல மொடல்களில் சிலிண்டர் தலைப் பக்கம் ஒயில் பார்க்கும் சிறு போல்ட் ஒன்று இருக்கும். அதைத் தளர்த்திவிட்டு ஐட்லில் விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஒயில் கசிய வேண்டும். கசியவில்லையா, எஞ்சினை நிறுத்துங்கள். கசிந்தால் போல்ட்டை இறுக்கித் துடைத்துவிடலாம். ஒயில், மோட்டார் சைக்கிளுக்கான ஜப்பானியத் தரக் குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டதாக இருக்கட்டும். கார் ஒயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

கேள்வி: கழுவிக் கழுவிப் பாவிக்கும் எவர்சில்வர் ஃபில்டர் வாங்கலாமா? (வாசகர், பொத்துவில்)

பதில்: பரிந்துரைக்க மாட்டோம். அந்த வலையின் கண் பெரும்பாலும் 30 மைக்ரோனுக்கு மேல். மெட்டலை அரைக்கும் மண் அதைவிடச் சிறியது. கழுவும்போது அழுக்கு சுத்தப் பக்கத்துக்குப் போகும் அபாயமும் இருக்கிறது.

கேள்வி: நெல் வெட்டும் மெஷின் வைத்திருக்கிறேன். 250 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயிலும் ஃபில்டரும் தவறாமல் மாற்றியும் இரண்டு போகத்தில் எஞ்சின் புகைக்கத் தொடங்கிவிட்டது. மட்டமான ஃபில்டர்தான் காரணமா? (வாசகர், சம்மாந்துறை)

பதில்: ஒயில் ஃபில்டர் மேல் சந்தேகப்படுவதற்கு முன் காற்று ஃபில்டரைப் பாருங்கள். ஒயிலுக்குள் வரும் மண் எங்கிருந்து வருகிறது? முக்கால்வாசி காற்றோடு சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் வளையத்தைத் தேய்த்துவிட்டுத்தான் ஒயிலில் இறங்குகிறது. ஒயில் ஃபில்டர் அதைப் பிடிக்கும்போது தேய வேண்டியது தேய்ந்து முடிந்திருக்கும். வயலில் பறக்கும் தூசு சாதாரணத் தூசும் அல்ல. உமியை எரித்து வரும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. மணலிலும் அதே பொருள்தான். இரும்பை அரைக்க அது போதும்.

காற்று ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் றப்பர் குழாயைக் கழற்றி, உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண்ணிறம் ஒட்டினால் எங்கேயோ ஓட்டை: குழாய் வெடித்திருக்கும், கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது ஃபில்டரின் வாய் றப்பர் சரியாக உட்காரவில்லை. வெளி ஃபில்டரைக் கொம்பிரசரால் ஊதுகிறீர்களென்றால் உள்ளிருந்து வெளியே, 2 பாருக்கு மேல் போகாமல். பெட்ரோல் ஷெட் கொம்பிரசரின் முழு அமுக்கத்தில் ஊதினால் தாளில் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். உள்ளே ஒளித்திருக்கும் சின்னப் பாதுகாப்பு ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். தூசு வெளியேறும் றப்பர் வாயை அறுவடை நாட்களில் தினமும் பிதுக்கிவிடுங்கள்.

ஒயிலும் ஃபில்டரும்: கையேட்டில் 250 மணித்தியாலம் என்றிருந்தால், அறுவடை உச்சத்தில் 150 முதல் 200க்குள் மாற்றுவதே எங்கள் எண்ணம். வயலில் நின்று மாற்றாதீர்கள். புது ஃபில்டரின் பொலித்தீனை உடைத்து வரம்பில் வைத்துவிட்டுப் பழையதைக் கழற்றப் போனால், காற்றடித்த கையோடு புது ஃபில்டரின் சுத்தப் பக்கத்திலேயே உமித்தூசு விழும்.

கேள்வி: மாரி வெள்ளத்தில் கார் கதவு மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. வற்றியதும் ஸ்டார்ட் பண்ணலாமா? (வாசகர், வவுணதீவு)

பதில்: வேண்டாம். பற்றரி வயரைக் கழற்றுங்கள். ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள்: அளவு கூடியிருந்தால், அல்லது பால்தேநீர் நிறமென்றால் சம்ப்பில் தண்ணீர். சம்ப் நட்டை மெல்லத் தளர்த்தினால் முதலில் தண்ணீர்தான் வரும். அது அடியில் கிடக்கும். முழுவதும் வடித்து ஃபில்டரையும் எறியுங்கள். சாதாரணத் தாள் தண்ணீரைக் குடித்து உப்பும், மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டும், ஓட்டம் நின்று பைபாஸ் திறக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று பிளக்கைக் கழற்றிக் கையால் கிராங்கைச் சுற்றிப் பார்த்த பிறகு, மலிவான புது ஒயிலும் ஃபில்டரும் போட்டு 10, 15 நிமிடம் ஐட்லில் மட்டும் விடுங்கள். சூட்டோடு அதையும் வடித்து, மறுபடி ஃபில்டர் மாற்றி, உரிய ஒயிலை ஊற்றுங்கள். இரண்டாம் முறையும் பால் நிறம் தெரிந்தால் மூன்றாம் முறையும் மாற்றத்தான் வேண்டும். கியர் ஒயிலையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: படகு எஞ்சினுக்கும் இதே கணக்கா? (கடற்றொழிலாளர், வாழைச்சேனை)

பதில்: டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒயில் பெற்றோலோடு எரிந்துபோகிறது, ஒயில் ஃபில்டர் கிடையாது. ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் புதிதில் 20 மணித்தியாலத்திலும், பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் ஒயிலை மாற்றுங்கள்; ஃபில்டரையும் கூடவே மாற்றிவிடுங்கள். உப்புக்காற்றில் ஃபில்டரின் தகரம் வெளியிலிருந்து துருப்பிடிக்கும். பெயின்ட் கொப்பளித்திருந்தால் மணிக்கணக்கைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் எஞ்சினின் நிலைமை தெரியும் என்கிறார்களே, எப்படி? (கராஜ் உரிமையாளர், காத்தான்குடி)

பதில்: தெரியும். எஞ்சினைப் பிரிக்காமல் உள்ளே பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. வேகமாக ஓட்டும் வாகனம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதைப் பழக்கமாக்கச் சொல்கிறோம்.

ஃபில்டரை வாய் கீழாக ஓரிரவு வடிய விடுங்கள். வெட்ட ஹக்சோ வேண்டாம்; அதன் இரும்புத் தூள் தாளில் விழுந்து, எஞ்சினிலிருந்து வந்தது எது, வாளிலிருந்து வந்தது எது என்று பிரித்தறிய முடியாமல் போகும். குழாய் வெட்டும் கருவி போலச் சின்னச் சில்லு வைத்த ஃபில்டர் வெட்டி கிடைக்கும். வாய்த் தட்டுக்குச் சற்றுக் கீழே சுற்றிச் சுற்றி இறுக்கினால் தகரம் சுத்தமாகப் பிரியும்.

முதலில் மடிப்புகளைப் பாருங்கள். ஒரே சீராக நின்றால் நல்லது. அலை அலையாகச் சாய்ந்தோ, நடுக்குழாய் நசுங்கியோ இருந்தால் தாளின் இரு பக்க அமுக்க வித்தியாசம் எல்லை மீறியிருக்கிறது: ஃபில்டர் அடைபட்டது, அல்லது பைபாஸ் திறக்கவில்லை. ஒட்டுப் பசை விட்டு மடிப்புக்கும் மூடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது போலி ஃபில்டர், அல்லது மட்டமானது. ஒயில் வடிபடாமல் அந்த வழியாகவே போயிருக்கிறது. அந்த ரகத்தை இனி வாங்காதீர்கள்.

அடுத்து, கூரான கத்தியால் தாளை மேல், கீழ் விளிம்போரமாக அறுத்து முழுத் துண்டாக எடுங்கள். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து வைஸில் நெரித்தால் ஒயில் வடிந்துவிடும். பிறகு வெள்ளைத் தாளின் மேல் விரித்து, வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். மடிப்பின் பள்ளத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கும். பழைய எஞ்சினில் மாவு போன்ற மிக நுண்ணிய மினுக்கம் கொஞ்சம் இருப்பது வழமை. புது எஞ்சினின் முதல் ஃபில்டரில் இன்னும் கூடுதலாகவே இருக்கும். நகத்தால் கிளப்பி எடுக்கக்கூடிய செதில் கண்டால் கவனியுங்கள். காந்தத்தை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு மேலே தடவுங்கள். ஒட்டினால் இரும்பு: செயின், கேம், ஒயில் பம்ப் பக்கம் தேட வேண்டும். ஒட்டாத வெள்ளைச் செதில் அலுமினியம்: பிஸ்டன், அல்லது அலுமினிய மெட்டல். செப்பு நிறம் கண்டால் மெட்டலின் மேல் படை போய் அடுத்த படை வெளியே வந்துவிட்டது. டர்போவின் பித்தளை பெயரிங்கும் இதே நிறம் காட்டும். அந்த எஞ்சினை அன்றே நிறுத்துங்கள். இப்போது மெட்டலோடு முடியும் வேலை, பிறகு கிராங்கையும் கேட்கும். நீலம், சிவப்பு நிற றப்பர்த் துணுக்குகள் சிலிக்கோன். ஏறாவூர் வாசகருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். நசுக்கினால் தூளாகும் கறுப்புக் கட்டி கரி.

ஒரு தடவை வெட்டிப் பார்த்ததை வைத்து அதிகம் சொல்ல முடியாது. தாளில் உள்ளங்கை அளவு துண்டை வெட்டி, வாகன இலக்கம், திகதி, கிலோமீற்றர் எழுதிச் சின்னப் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். அடுத்த சேர்விஸில் வெட்டும் துண்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மினுக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று வாகனச் சொந்தக்காரரே கண்ணால் கண்டுகொள்வார்.